முதல் ஊசியை உங்கள் முன்னால் போட விடுங்கள்

ஹார்மோன் சிகிச்சைப் பிரிவின் மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

ஹார்மோன் ஊசியை இனி அவரவர் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நீங்கள் எடுத்தது நல்ல முடிவு. ஊசி நாள் வந்தாலே விடுப்பு கேட்டு, அதற்கொரு பொய்க் காரணம் யோசித்து, பாதி நாளை வரிசையில் கழித்தவர்கள், பாலின மாற்றத்துக்காக ஹார்மோன் எடுக்கும் திருநர்களான நாங்கள். அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த மடலை அந்த முடிவுக்கு எதிரான மனுவாகப் படிக்க வேண்டாம். முடிவை அறிவித்த கையோடு எங்களைக் கைகழுவிவிட்டீர்கள் என்பதுதான் என் குறை. நீங்கள் கொடுத்த ஒற்றைத் தாளும் ‘கைகளை நன்றாகக் கழுவவும்’ என்றுதான் தொடங்குகிறது. முன்மாதிரியாக நீங்களே செய்து காட்டிவிட்டீர்கள்.

கேட்பது ஒன்றுதான். மருந்துக் குப்பியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன், ஒவ்வொருவரும் தன் முதல் ஊசியைத் தன் கையாலேயே, பக்கத்தில் ஒரு சிஸ்டர் நிற்க, உங்கள் அறையிலேயே போட வேண்டும். நீங்கள் போட நாங்கள் பார்ப்பது போதாது. நாங்கள் போட நீங்கள் பார்க்க வேண்டும்.

இதை எழுத வைத்தது எங்களில் இளையவனான ஒரு தம்பிக்கு நடந்தது. அவனும் என்னைப் போல் திருநம்பி, பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் தொடங்கிய புதிது. ஆரம்ப ஊசிகளை நீங்கள்தான் போட்டீர்கள். அவன் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். அப்புறம் ஒரு நாள் கையில் ஒரு பை வந்தது. உள்ளே குப்பி, சிரிஞ்சு, ரோஸ் நிற அடி கொண்ட ஒரு ஊசி, நீல நிற அடி கொண்ட ஒரு ஊசி, இரண்டு ஸ்பிரிட் பஞ்சு, அந்தத் தாள். ‘வீட்டுல போட்டுக்கோங்க, ஒண்ணும் கஷ்டம் இல்ல’ என்ற ஒரு வாக்கியமும் இலவசம். ஊசி ஏன் இரண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கீழே விழுந்தால் உதவட்டும் என்று கூடுதலாக ஒன்று வைத்திருக்கிறார்கள் என நினைத்து, நீலத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டான்.

உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரோஸ் அடி 18 கேஜ், ஊசி 1.2 மி.மீ. தடிமன். நீல அடி 23 கேஜ். அதில் பாதி, 0.6 மி.மீ. எண் கூடக் கூட ஊசி மெலிகிற தலைகீழ்க் கணக்கு இது. எங்கள் மருந்து தண்ணீரில் வருவதல்ல, எண்ணெயில் வருவது. டெஸ்டோஸ்டீரோன் எனந்தேட் எள்ளெண்ணெயில் வரும், திருநங்கைகள் போடும் பெண் ஹார்மோனான எஸ்ட்ரடயால் வேலரேட் ஆமணக்கெண்ணெயிலும் வரும். மெல்லிய ஊசியால் குப்பியிலிருந்து உறிஞ்சினால் அது நகரவே நகராது. அதனால் தடித்த ஊசியால் எடுத்து, ஊசியை மாற்றி, மெல்லியதால் உடம்பில் ஏற்ற வேண்டும். குப்பியின் ரப்பர் மூடியைத் துளைத்த முனை மழுங்கியிருக்கும் என்பதும் மாற்றுவதற்கு ஒரு காரணம்.

அந்த ரோஸ் ஊசியோடுதான் அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். பக்கத்து அறையில் அம்மா இருந்ததால் கதவைத் தாழிட்டு, சத்தம் வராமல் இருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டு தொடையில் குத்தியிருக்கிறான். முனை பாதி இறங்கியதும் கை நின்றுவிட்டது. மேலே தள்ளவும் தெம்பில்லை, வெளியே இழுக்கவும் பயம். அப்படியே உட்கார்ந்திருந்தபோது, அவனுக்குத் தெரியாமலே கட்டைவிரல் அழுத்தி, மருந்தில் பாதி தசைக்குப் போகாமல் தோலுக்கடியில் போய் நின்றது. உருவியதும் ரத்தம் காலில் வழிந்தது. இறங்கிய இடமும் தப்பு: முழங்காலுக்குச் சற்று மேலே. அடுத்த நாள் அந்த இடம் சூடாகி வீங்கி, காய்ச்சலும் வந்து, உங்களிடமே வந்தான். சீழ்க்கட்டியைக் கீறி எடுத்தீர்கள். அதற்கு நன்றி. கீறும்போது ஒருவர் கேட்டாராம்: ‘இப்படிப் போடச் சொல்லி யாருப்பா உனக்குச் சொன்னது?’

அந்தக் கேள்வியை அவன் சார்பில் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். யாரும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

தாளில் எல்லாம் எழுதியிருக்கிறதே என்று சொல்வீர்கள். எழுதியிருக்கிறது. ‘தொடையின் பொருத்தமான பகுதியில் செலுத்தவும்.’ பொருத்தமான பகுதி எது என்று காட்டும் படம், நகலின் நகலாகி, கறுப்புப் பட்டையாக நிற்கிறது. அதையே கையால் காட்டினால் ஒரு நிமிடம் ஆகாது: இடுப்பின் பக்கவாட்டில் தொடையெலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு கை அகலம் கீழே, முழங்காலிலிருந்து ஒரு கை அகலம் மேலே, இந்த இரண்டுக்கும் நடுவே தொடையின் வெளிப்பக்கம். உட்கார்ந்தபடி தானே பார்த்துப் போட ஏற்ற இடம் அதுதான். உட்பக்கம் கூடாது, முழங்காலை ஒட்டியும் கூடாது.

இடுப்பில் போடுகிறவர்களின் பாடு இன்னும் மோசம். ‘இடுப்பு ஊசி’ என்றால் எல்லோருக்கும் தெரிந்தது புட்டம். அங்கே காலுக்குப் போகும் பெரிய நரம்பான ஸியாட்டிக் நரம்பு ஓடுகிறது. கண்ணாடி முன் முதுகைத் திருகிக்கொண்டு, கண்ணுக்கு எட்டாத இடத்தில் குத்துமதிப்பாகக் குத்துகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். குத்திய நொடியே காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி இறங்கினால் ஊசியை உடனே எடுத்துவிட வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரியுமா? பக்கவாட்டு இடுப்பில் பெரிய நரம்போ ரத்தக்குழாயோ குறுக்கே வராத இடம் ஒன்று இருக்கிறது. எதிர்க் கையின் உள்ளங்கை அடியைத் தொடையெலும்பின் புடைப்பில் வைத்து, ஆள்காட்டி விரலை இடுப்பெலும்பின் முன்முனை நோக்கி நீட்டி, நடுவிரலைப் பின்னால் விரித்தால், இரண்டு விரல்களுக்கும் நடுவில் கிடைக்கிற முக்கோணம்தான் அது. வாயால் சொன்னால் குழப்பும், கையைப் பிடித்து வைத்துக் காட்டினால் மறக்காது. அந்தக் கையைப் பிடிக்கத்தான் ஒரு சிஸ்டர் வேண்டும் என்கிறேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஸ்பிரிட் துடைத்த இடம் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். எடுக்கப்போகும் அளவுக்குக் காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்தினால் எண்ணெய் எளிதாக ஏறும். குளிரில் கெட்டியாகியிருந்தால் குப்பியைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்திருந்தால் போதும். தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தி, ஊசியை எடுத்த பிறகே விட்டால் மருந்து மேலே கசியாது. ஒரு மி.லி.க்குப் பத்து நொடி என்று நிதானமாகத் தள்ள வேண்டும். குத்திய பின் பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமா என்பதில் உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை: காலை சிஸ்டர் வேண்டும் என்கிறார், மாலை சிஸ்டர் வேண்டாம் என்கிறார். தடுப்பூசிக்கு அது தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தக்குழாய்க்குள் போகவே கூடாத எண்ணெய் மருந்துக்கு எது வழக்கம் என்று உங்கள் பிரிவு கூடி ஒரே பதிலைச் சொன்னால் போதும், அப்படியே செய்கிறோம். எண்ணெய் ஊசி விளையாட்டல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா? நீண்ட நாள் நிற்கும் டெஸ்டோஸ்டீரோன் அன்டெகனோயேட்டைப் போட்டால், எண்ணெய்த்துளி நுரையீரலுக்குப் போய் மூச்சுத் திணறல் வருகிறதா என்று அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. எங்களுக்குக் கொடுத்தனுப்புவது அதைவிடச் சின்ன ஊசி. அதற்காகச் சொல்லித் தரவே வேண்டாத ஊசியா?

மருந்துச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அரை மி.லி.’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறீர்கள். ஒரு மி.லி.யில் 250 மி.கி. உள்ள குப்பியில் அரை மி.லி. என்றால் 125 மி.கி.; 200 உள்ளதில் 100; 100 உள்ளதில் வெறும் 50. கடையில் கிடைத்த குப்பியை வாங்கி வருகிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? மி.கி., மி.லி., குப்பியின் செறிவு மூன்றையும் எழுதுங்கள். பேனா மையைத் தவிர உங்களுக்கு வேறு செலவில்லை.

தாளின் கடைசி வரி: ‘பயன்படுத்திய ஊசியைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்.’ எங்கே? வீட்டில் சொல்லாமல் சிகிச்சை எடுக்கிறவர்கள் பாதிப் பேர். குப்பைக்கூடையில் போட்டால் அம்மா பார்ப்பார், பையோடு வெளியே வைத்தால் குப்பை அள்ளுகிறவரின் கையில் குத்தும். அதனால் துணி அலமாரியில், பழைய ஷூவுக்குள், மூடிபோட்ட டப்பாக்களில் ஊசி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எண்ணிக் கொடுப்பது போதாதபோது அதே ஊசியை மறுபடி எடுக்கிறவர்களும், நண்பனிடம் வாங்குகிறவர்களும் உண்டு. எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி, சி-யும் எப்படிப் பரவும் என்று உங்கள் காத்திருப்பு அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தச் சுவரொட்டிக்கான காசில் எத்தனை ஊசி வாங்கியிருக்கலாம் என்று அதன் கீழே உட்கார்ந்து நாங்கள் கணக்குப் போட்டிருக்கிறோம்.

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த அறையில், புதிதாக இன்சுலின் தொடங்குகிறவரை உட்கார வைத்து, வயிற்றில் எங்கே, எவ்வளவு, எந்தக் கோணம் என்று அவர் கையாலேயே போட வைத்துத்தான் அனுப்புகிறீர்கள். கருத்தரிப்புச் சிகிச்சையில் புரோஜெஸ்டிரோன் எண்ணெய் ஊசி போட வேண்டிய பெண்ணுக்கு, இடுப்பில் பேனாவால் வட்டம் போட்டு, கணவரையும் நிற்க வைத்துச் சொல்லித் தருகிறீர்கள். அதுவும் எண்ணெய் ஊசிதான், தசை ஊசிதான். அவர்களுக்குக் கிடைப்பது சரியே. அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கள் முறை வரும்போது மட்டும் ‘யூடியூபில் நிறைய இருக்கு, பாத்துக்கோங்க’ என்கிறீர்களே, அது எதனால்? எங்களுக்கு எப்படியும் ‘எல்லாம் தெரிந்திருக்கும்’ என்ற நம்பிக்கையா, தெரியாவிட்டால் போகட்டும் என்ற அலட்சியமா? முதலாவது என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்த நம்பிக்கை தவறு.

ஆகவே திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். முதல் ஊசியை உங்கள் முன்னால் எங்கள் கையால் போட விடுங்கள். தேவைப்பட்டால் இரண்டாவதையும். பையில் வைக்கும் இரண்டு ஊசிகளில் எது எடுக்க, எது போட என்று உறையின் மேல் எழுதி ஒட்டுங்கள். நிறைந்ததும் திருப்பித் தரக்கூடிய, குத்தாத ஊசிப் பெட்டி ஒன்று கொடுங்கள். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், ஊசி போட்டவுடன் இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு எண் கொடுங்கள். எடுப்பவர் எங்களை முதலில் திட்டாதவராக இருந்தால் நல்லது.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள் என்று தெரியும். உண்மைதான், சிஸ்டர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாரத்தில் ஒரு மதியம் ஒரு அறையும் ஒரு சிஸ்டரும் ஒதுக்கினால், புதிதாகத் தொடங்குகிறவர்களை ஐந்தைந்து பேராக உட்கார வைக்கலாம். பல ஆண்டுகளாகத் தானே போட்டுக்கொள்கிற எங்களில் சிலர் வந்து பக்கத்தில் உட்காரவும் தயார். கை நடுங்குகிறவனிடம் பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டுமே. எந்த மதியம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டால் போதும், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவில் பதிவுள்ள ஒரு திருநம்பி