செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலில் காத்து நிற்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

நம் செய்தி மடலில் வழக்கமாக முதலில் வருவது தேதிப் பட்டியல்தான். இந்தத் தடவை அதைக் கீழே தள்ளிவிட்டு நன்றியை மேலே வைத்திருக்கிறேன். அந்தத் தேதிகள் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதே சிலருடைய உழைப்பால்தான், அதைச் சொல்லாமல் இன்னொரு பட்டியலைப் போட எனக்கு மனசு வரவில்லை. யார் பெயரையும் போடவில்லை. கேட்டபோது ஏறக்குறைய எல்லாருமே "அதெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சுற்றறிக்கையை அச்சடித்து வகுப்பில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அலுவலகக் கணக்கு. நிஜத்தில் அது பையின் அடியில், தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே, நாலாக மடிந்து அடுத்த பருவம் வரை கிடக்கும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் காலை வணக்கப் படங்கள் அதை மேலே எங்கேயோ தள்ளிவிட்டுவிடும். இது போக, இரவு வேலைக்குப் போகிற அப்பா, எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிற பாட்டி, புதிதாகக் குடிவந்து இன்னும் இங்குள்ள மொழி பிடிபடாத குடும்பம், ஒரே போனை வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிற வீடு என்று எத்தனையோ பேர். தாள் போகும், விஷயம் போகாது.

அங்கேதான் நீங்கள் வந்தீர்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தையின் அம்மா ஒருவர், நான் அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பையும் படித்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவாகப் போட ஆரம்பித்தார். "கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" எல்லாம் அதில் இருக்காது. நாளைக்கு என்ன, எத்தனை மணிக்கு, கையில் என்ன கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் என் சுற்றறிக்கையைவிட அவருடைய பதிவு நன்றாக இருந்தது, இப்போதெல்லாம் நானே அவர் பேசுவதைப் போல எழுதப் பார்க்கிறேன். இன்னொரு அப்பா, தமிழ் தெரியாத குடும்பங்களுக்கு அவர்கள் மொழியில் போன் போட்டே சொன்னார். அப்புறம், தினமும் சீக்கிரமே வந்து வாசலில் உட்கார்ந்துவிடும் அந்தத் தாத்தா. போன் இல்லாத மற்ற தாத்தா பாட்டிகளுக்கெல்லாம் அவர்தான் செய்தி அலுவலகம். மூன்று பேருக்கும், இவர்களைப் பார்த்து அதேபோல் செய்யத் தொடங்கியவர்களுக்கும் பெரிய நன்றி.

இதனால் என்ன நடந்தது என்பதற்குக் கண் பரிசோதனை நாளைச் சொல்வேன். அன்றைக்கு வந்த கூட்டத்தை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. ஒப்புதல் கையெழுத்து வாங்கி வராத குழந்தைகள் வெகு சிலர்தான். மேசை நாற்காலிகளை ஒதுக்கி, டேப் பிடித்து 6 மீட்டர் அளந்து தரையில் கோடு போட்டவர்கள் பெற்றோர்கள். எழுத்து படிக்கத் தெரியாத முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கில 'ஈ' எழுத்தை நாலு பக்கமும் திருப்பிப் போட்ட அட்டை வைப்பார்கள் இல்லையா, அந்த எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குழந்தை விரலை நீட்டிக் காட்ட வேண்டும். அதை வரிசையில் நிற்கும்போதே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்து, உள்ளே போனதும் எந்தக் குழந்தையும் பயந்து முழிக்காமல் பார்த்துக்கொண்டீர்கள். கூடவே ஒரு விஷயத்தையும் எல்லா வீட்டுக்கும் எடுத்துப் போனீர்கள்: பார்வை மங்கலாக இருக்கிற குழந்தை அதைத் தானாக வந்து சொல்லாது, ஏனென்றால் உலகமே எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதுவது, அடிக்கடி தலைவலி என்பது, புத்தகத்தை மூக்கருகே பிடிப்பது, இதையெல்லாம் கவனிக்க வேண்டியது பெரியவர்கள்தான். வெளியில் வெளிச்சத்தில் விளையாடுகிற குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்வதையும் அன்றைக்கு மருத்துவர் எடுத்துச் சொன்னார். மாலையில் பிள்ளைகளை மைதானத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைக்கிற பெற்றோர்களைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்!

அடுத்தது பேன். முகம் சுளிக்காதீர்கள், இதற்கும் ஒருவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். மூன்றாம் வகுப்பில் பேன் பரவியபோது குழுவில் யார் வீட்டிலிருந்து வந்தது என்ற பேச்சு கிளம்பியது, ஒரு குழந்தையின் பெயர்கூட அடிபட்டது. செவிலியராக வேலை பார்க்கும் ஒரு அம்மா அன்று மாலை வாசலில் நின்று எல்லாரிடமும் பேசினார். பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதம் கிடையாது. அது பறக்காது, குதிக்காது, தலையும் தலையும் ஒட்டும்போது ஊர்ந்து போகும். சின்னப் பிள்ளைகள் தலையோடு தலை வைத்துத்தானே விளையாடுகிறார்கள். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும், அதனால் வீட்டில் உள்ளதையெல்லாம் கொதிக்க வைக்கத் தேவையில்லை. ஆனால் ஈர் பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், ஆகவே ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். ஈரத் தலையில் பேன் சீப்பு போட்டு வாரி, சில நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் அவர் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்ததும் குழுவில் அந்தப் பேச்சு அப்படியே அடங்கியது. அந்தக் குழந்தை மறுநாள் வழக்கம்போல் பள்ளிக்கு வந்தது. எனக்கு அதுதான் முக்கியம்.

நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கும் நன்றி. கிழிந்த புத்தகங்களைச் சாதாரண செல்லோ டேப் போட்டு ஒட்டினால் நாளாக ஆகப் பழுப்பேறி, பிசுபிசுத்து, தாளையே கெடுத்துவிடும். அதைத் தெரிந்த ஒரு தாத்தா, மெல்லிய தாளும் பசையும் கொண்டு ஒவ்வொரு முதுகாகச் சரிசெய்து கொடுத்தார். சனிக்கிழமைகளில் வந்து குழந்தைகள் வாசிப்பதைக் கேட்டவர்கள் சிலர். நடுவில் திருத்தாமல், குழந்தை தடுமாறும் இடத்தில் கொஞ்சம் பொறுத்திருந்து, கதை எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அது பார்க்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டவர்கள், பந்தல் கட்டியவர்கள், தொலைந்த பொருள் பெட்டியில் கிடந்த ஒற்றைச் செருப்புகளுக்கு ஜோடி தேடியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே நன்றி.

சரி, இனி வரப்போகிறவை. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள், யுனெஸ்கோ 1966இல் அறிவித்து அடுத்த வருடத்திலிருந்து கொண்டாடப்படுவது. அன்று பெரியவர்கள் யாராவது வகுப்புக்கு வந்து தங்கள் மொழியில் ஒரு கதை வாசிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்லலாம், அதுவும் கதைதான். அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாள். பரிசுப் பொருள் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. உங்கள் குழந்தை வகுப்பைப் பற்றி வீட்டில் சொன்ன ஒரு வரியை எழுதி அனுப்பினால் நாங்கள் வெகுநாள் வைத்திருப்போம். அக்டோபர் மாத இரண்டாவது வியாழக்கிழமை உலகப் பார்வை நாள். போன தடவை வர முடியாத குழந்தைகளுக்கு அன்று மறுபடியும் கண் பரிசோதனை. அக்டோபர் 15 கை கழுவும் நாள். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும் என்று பிள்ளைகள் வீட்டில் உங்களை விரட்டினால் கோபப்படாதீர்கள், அவர்களை ஏவிவிட்டது நாங்கள்தான்.

நவம்பர் 20 பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல ஆசை. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாள் அது. அதன் 12ஆவது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகள் கருத்துச் சொல்லலாம், பெரியவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. அதனால் நவம்பர் மாதச் செய்தி மடலை முழுக்கக் குழந்தைகளே எழுதப்போகிறார்கள். நாங்கள் எழுத்துப் பிழைகூடத் திருத்த மாட்டோம். கழிப்பறையைப் பற்றியும் வீட்டுப்பாடத்தைப் பற்றியும் கடுமையாக ஏதாவது வரும் என்று நினைக்கிறேன். வரட்டும்.

அதற்கு முன்னால் உதவி தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. காலையில் வாசலில் வண்டி நெரிசல். நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து சின்னக் குழந்தை வெளியே வந்தால் ஓட்டுநருக்குத் தலைகூடத் தெரியாது. வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கிற திறமையும் இந்த வயதில் முழுதாக வந்திருக்காது. இப்போது முறைவைத்து நின்று கைபிடித்துக் கடத்திவிடுகிறவர்கள் மிகச் சிலர், மழை பெய்தாலும் அவர்களேதான். வாரத்தில் ஒரு காலை நிற்க முடிகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள். நிற்க முடியாதவர்கள் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தால் அதுவே பெரிய உதவி.

கடைசியாக, போன் நம்பர் மாற்றியவர்கள் புது நம்பரைக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் நம் பள்ளிக் குழந்தை இருந்து, அவர்களுக்கு இந்த மடல் கிடைத்திருக்காது என்று தோன்றினால், இன்று சாயங்காலமே ஒரு எட்டுப் போய்ச் சொல்லிவிடுங்கள். முக்கியமாகக் கண் பரிசோதனைத் தேதியை.

அன்புடன்,
செய்தி மடல் பொறுப்பு ஆசிரியை