மைனிக்கு, அந்த மாலையைப் பற்றி

அன்புள்ள மைனி,

அந்த எழுத்தாளர் நம் ஆலயத்தில் தம் நூலை வாசித்து நேற்றோடு ஓராண்டு நிறைந்தது. அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் நடந்தவை அண்ணனின் மனைவியான உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றைத் திரும்ப எழுதப் போவதில்லை. இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் நாலு பேர் பார்க்க எழுதுவதற்குக் காரணம், அன்று நான் சொன்னதும் நாலு பேர் முன்னால் சொன்னதுதான். நம் உறவினரில் பாதிப்பேர் இதை வாசிப்பார்கள். ஆகவே சில இடங்களில் நான் சுற்றி வளைத்துப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் அம்மாவுக்கு அருகில் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். நீங்கள் கடைசியில், வாசலை ஒட்டிய தூணுக்குப் பக்கத்தில். நீங்கள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது என்று பிறகு தக்கலைச் சித்தியிடம் சொல்லியனுப்பினேன் அல்லவா, அது உண்மையில்லை. நீங்கள் உள்ளே வந்து குடையை மடக்கியதிலிருந்தே எனக்குத் தெரியும்.

பின்னல் வேலையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவரை ஆலயத்துக்குள் பேசவிடலாமா என்று சபையில் சிலர் முணுமுணுத்ததால், பிரசங்க பீடத்தில் ஏற்றாமல் கீழே வேதபாடம் வாசிக்கும் இடத்தில் அவரை நிறுத்தினார்கள். அதனால் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு பின்னல் ஊசியை வைத்திருந்தார். பக்கம் புரட்டும்போதெல்லாம் அது தரையில் விழுந்து ஒலியெழுப்ப, முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் பள்ளியில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்ததையும், அடிமைகளாகப் பிறந்த பெண்கள் அந்த ரேந்தையை விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதையும் அவர் வாசித்தார். ஞாயிறு பள்ளியில் நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதைதான். ஆனால் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்று சொல்லிவிட்டு, தன் விலையைத் தானே கட்டுவதற்கு ஒரு பெண் எத்தனை முழம் பின்னியிருப்பாள் என்று கேட்டு அங்கேயே அவர் நிறுத்தியபோது, ஆலயத்தில் மின்விசிறிகளின் ஓசை மட்டுமே கேட்டது. அம்மா தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பின்னத் தெரிந்தவர்கள் எழுந்து நின்று, கற்றுத் தந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார். மைக் என்னிடம் வந்தது. நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். நாற்பது வருடம் ரேந்தை பின்னியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள், எழுத்தாளர் இறங்கி வந்து அம்மாவின் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

அம்மா எனக்கு ஒரு முடிச்சுக்கூடச் சொல்லித் தந்ததில்லை. முழக்கணக்குக்குக் கூலி கொடுத்த வியாபாரி வந்து போகும் நாள்களில், ரேந்தையை வைத்துப் பின்னும் தலையணைக்கு அருகில் நான் போனாலே கையில் அடி விழும். இந்தத் தரித்திரம் தம்மோடு முடியட்டும் என்பார். எனக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள். வால்பாறையிலிருந்து இரண்டு பத்தாம் நம்பர் ஊசிகளோடும் ஒரு பை நிறைய அரக்கு நிற உல்லன் நூலோடும் நீங்கள் வந்திறங்கியபோது, இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று அண்ணன் கேலி செய்தது நினைவிருக்கிறதா? மின்சாரம் போன மாலைகளில் கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து, விளக்கேற்றப் போன என்னைத் தடுத்து, விரலால் பார் என்றீர்கள். வழுவழுப்பாக இருந்தால் முன்கண்ணி, மேடாக நெருடினால் பின்கண்ணி. இன்றும் நான் பின்னும்போது கீழே குனிந்து பார்ப்பதில்லை.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த ஆலயத்தில் அம்மாவின் கைகளைப் பற்றி ஒருவர் பேசியது அதுவே முதல் தடவை. நீங்கள் வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. உங்கள் பெயரைச் சொன்னால் எத்தனை தலைகள் திரும்பும் என்று எனக்குத் தெரியும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் நம் ஊரில் ரேந்தை என்றால் கைதட்டல் கிடைக்கும், வால்பாறை ஸ்வெட்டருக்குக் கிடைக்காது என்ற கணக்கும் அந்த நொடியில் என் மனத்துக்குள் ஓடியது. மன்னிப்புக் கேட்பதானால் அந்தக் கணக்குக்காகத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மைனி, மைக் உங்கள் வரிசைக்கும் வந்தது. அதை நீட்டிய பையன் உங்கள் முன்னால் நின்றபோது, எனக்குப் பின்னத் தெரியாது என்று சொன்னீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள், ஆனாலும் எனக்குக் கேட்டது. நான் மறைத்தது ஒரு பெயரை மட்டும்; நீங்களோ அந்தத் திண்ணையையே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னீர்களா, தண்டிப்பதற்காகவா என்று ஓராண்டாக யோசிக்கிறேன்; இரண்டில் எதுவானாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அண்ணனின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கும் நீங்கள் வரவில்லை. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் அதற்காக என்னிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல் போயிருக்க வேண்டாம். ஊசிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். மார்த்தாண்டத்தில் நான் வாங்கியவை வழுக்குகின்றன.

சென்ற வாரம் அந்த எழுத்தாளருக்கு எழுதினேன். அன்று நான் சொன்னதை அவர் தம் அடுத்த நூலில் சேர்க்கப் போவதாகக் கேள்விப்பட்டதால், கற்றுத் தந்தவர் அம்மா அல்ல, என் அண்ணனின் மனைவி என்று தெரிவித்தேன். அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "படிப்பிச்சது அவளாக்கும், அப்படியே எழுது" என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

எழுத்தாளரின் பதில் உடனே வந்தது. உங்கள் பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எனக்கு நீங்கள் எப்போதும் மைனி, அம்மாவுக்கு ஏ பிள்ளே. எங்கள் வீட்டில் உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஞானஸ்நானப் பெயரா, வால்பாறையில் உங்களைக் கூப்பிடும் பெயரா, அண்ணன் பெயரும் சேர்ந்ததா? எதைக் கொடுக்கட்டும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்