‘ஆபரேஷன் முடியாது’ என்ற சீட்டில் இன்னொரு வரியும் எழுதுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. கல்லீரலில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்று முடிவான நோயாளியை அனுப்பும்போது, ‘இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவரிடம் கருத்து கேட்கவும்’ என்று சீட்டில் எழுதுங்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்பவர் அவர். எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் கேட்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆபரேஷன் முடியாது என்று மருத்துவர் சொல்வதை, இனி செய்ய எதுவும் இல்லை என்றுதான் எங்கள் வீடுகளில் புரிந்துகொள்கிறோம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த என் மாமாவுக்கு அப்படித்தான் ஆனது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளே இருந்தது அவருக்கே தெரியாது. அது கல்லீரலைச் சுருக்கி, சிரோசிஸ் ஆகி, அதன்மேல் கட்டியும் வந்தது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் ஒரு கிளைக்குள் கட்டி புகுந்திருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ‘வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்றார்கள். பார்த்தோம். கீழாநெல்லி கொடுத்தோம், வேண்டுதல் வைத்தோம். வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி போனில் சொல்லித்தான், குழாய் வழியாகக் கதிர்வீச்சு கொடுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு என்பதே தெரிந்தது. சென்னைக்குக் கொண்டுபோனபோது வயிற்றில் நீர் கோத்து, ரத்தத்தில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபினும் ஏறிவிட்டிருந்தது. இந்த நிலையில் கொடுத்தால் மிச்சமிருக்கும் கல்லீரலும் தாங்காது என்று அங்கே உள்ள மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் எங்களுக்கு வருத்தமில்லை. மாதக்கணக்காக வீட்டில் வைத்திருந்ததுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

அந்தச் சிகிச்சையைப் பற்றி அப்புறம் நிறையப் படித்தேன். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியிலிருந்துதான் ரத்தம் உறிஞ்சி வளர்கிறது. அதனால் தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் கிளை வரை கொண்டுபோய், இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய நுண்மணிகளை அங்கே விடுகிறார்கள். கண்ணாடி மணி என்றால் 20 முதல் 30 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பாதிகூட இருக்காது. அவை கட்டியின் ரத்தநாளங்களில் தங்கி, சராசரியாக 2.5 மில்லிமீட்டர் தூரத்துக்கு மட்டும் கதிர் வீசுகின்றன. கண்ணாடி மணிகள் ரத்த ஓட்டத்தைப் பெரிதாக அடைப்பதில்லை. அதனால் மாமாவைப் போல சிரைக்குள் கட்டி புகுந்தவர்களிலும் சிலருக்கு இதைக் கொடுக்க முடிகிறது.

ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. முதலில் ஒத்திகை போல ஸ்கேனில் தெரியும் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றிய துகள்களைச் செலுத்தி, எவ்வளவு நுரையீரலுக்குப் போகிறது, இரைப்பைப் பக்கம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். அதிகம் போனால் கைவிட்டுவிடுவார்கள். 2017, 2018-இல் வெளிவந்த சாரா, சர்வ்நிப் ஆய்வுகளில், கல்லீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சோராஃபெனிப் மாத்திரையைவிட இது ஆயுளைக் கூட்டவில்லை, பக்கவிளைவுகள்தான் குறைவாக இருந்தன. 2021-இல் வந்த டோசிஸ்ஃபியர் ஆய்வோ, ஒவ்வொருவரின் கட்டிக்கும் தனியாக அளவு கணக்கிட்டுக் கொடுத்தால் பலன் கூடுகிறது என்று காட்டியது. என் மாமா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று தெரிந்தவர்கள் காலத்தோடு பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும் என்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இட்ரியம்-90-இன் அரை ஆயுள் 64 மணி நேரம், அதாவது அதற்குள் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். குறிப்பிட்ட நோயாளிக்கு, குறிப்பிட்ட நாளுக்கு என்று கணக்கிட்டு மருந்தை வரவழைக்கிறார்கள். காப்பீட்டு அனுமதி வரவில்லை, ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று நோயாளி தள்ளிப்போட்டால் மருந்து காத்திருக்காது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு உட்கார்ந்தே போய் எழும்பூரில் இறங்கும் நோயாளியிடம், இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மணிகளின் விலையையும் சேர்த்த அனுமதி, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். திருவனந்தபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். எல்லை தாண்டினால் எங்கே அட்டை செல்லும், எங்கே செல்லாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இறக்குமதி மணிகளுக்குப் பல லட்சம் ஆகிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் ‘பாபாஸ்பியர்’ என்ற பெயரில் உள்நாட்டிலேயே இவற்றை உருவாக்கியிருக்கிறது. அவை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வர, துறை முன்கை எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கையிலேயே கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணலைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கதிர் என்றாலே இங்கே பயம். சிகிச்சை முடிந்து வருபவரை வீட்டில் சேர்க்கலாமா, பிள்ளைகள் பக்கத்தில் போகலாமா என்று கேட்பார்கள். சில நாட்கள் கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் நெருங்கி இருக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 11 நாட்களில் கதிர்வீச்சில் 94 சதவீதம் தீர்ந்துவிடுகிறது. இதையெல்லாம் எளிய தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுக் கொடுங்கள்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியை மையமாக வைத்து, வாரம் ஒருமுறை சென்னை நிபுணர்களுடன் வீடியோவில் கல்லீரல் கட்டி நோயாளிகளின் ஸ்கேன்களைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மாவட்டத்தின் தனியார் மருத்துவமனைகளும் அதற்கு ஸ்கேன் அனுப்ப வழி இருக்கட்டும். கல்லீரலை மூன்று கட்டமாகப் படமெடுக்கும் ட்ரைஃபேசிக் சிடி ஸ்கேன், பிலிருபின், ஆல்புமின் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் இங்கேயே எடுத்துவிட்டால், தகுதியுள்ளவர் மட்டும், தேதி உறுதியான பிறகு, ரயில் ஏறினால் போதும்.

இப்படிக்கு,
நோயாளியின் மருமகன்,
குலசேகரம்.