டெட்ராய்ட்டில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள கார்த்திக்குக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா அனுப்பிய பருப்புப் பொடி வந்து சேர்ந்ததா?

நண்பர் வீட்டில் எல்லோரும் பாடச் சொன்னார்கள், ஹிந்திப் பாடகர் முகமது ரஃபி பாட்டெல்லாம் என் குரலுக்கு எட்டாது என்று ஒதுங்கிவிட்டேன் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு ஹிந்திப் பின்னணிப் பாடகர் முகேஷ் ஞாபகமாகவே இருக்கிறது. அவர் உயிர் பிரிந்ததும் நீ இருக்கும் ஊரில்தான். 1976 ஆகஸ்ட் 27. லதா மங்கேஷ்கருடன் கச்சேரிக்காக வந்திருந்தார். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை. வயது 53. கூட வந்திருந்த மகன் நிதின்தான் லதாவுடன் சேர்ந்து அந்தக் கச்சேரியைப் பாடி முடித்தார். அப்பா போன துக்கத்தோடு மேடையேறிய அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் மனசு கனத்துவிடுகிறது.

முகேஷ் டெல்லிக்காரர், பிறந்தது 1923-ல். அக்காவுக்குப் பாட்டு சொல்லித்தர வாத்தியார் வீட்டுக்கு வருவார். இவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து காதால் வாங்கிக்கொண்டதுதான் ஆரம்பப் பாடம். படிப்பு பத்தாவதோடு நின்றது, கொஞ்ச நாள் பொதுப்பணித் துறையில் வேலை. அக்கா கல்யாணத்தில் அவர் பாடியதைக் கேட்ட உறவினர், நடிகர் மோதிலால், பம்பாய்க்கு அழைத்துவந்தார். 1945-ல் 'பெஹ்லி நஸர்' படத்தில் அனில் பிஸ்வாஸ் இசையில் 'தில் ஜல்தா ஹை' பாடினார். அந்தக் காலத்துப் பெரிய பாடகரும் நடிகருமான சைகல் பாடியது என்றே பலர் நினைத்தார்கள். அந்த அளவுக்குச் சைகல் மேல் பைத்தியம். அந்தச் சாயலிலிருந்து அவரை மெல்ல வெளியே கொண்டுவந்ததில் இசையமைப்பாளர் நௌஷாத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1949-ல் வந்த 'அந்தாஸ்' படத்தில் வேடிக்கையைப் பார்: முகேஷ் திலீப் குமாருக்குப் பாடினார், ராஜ் கபூருக்குப் பாடியவர் ரஃபி. 1951-ல் 'ஆவாரா' வந்த பிறகு ராஜ் கபூர் என்றாலே முகேஷ் குரல்தான். ரஷ்யா வரைக்கும் போனது அந்தப் படத்தின் 'ஆவாரா ஹூன்' பாட்டு.

நான் வளர்ந்த பம்பாய் செம்பூரில்தான் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ இருந்தது. 2017-ல் தீப்பிடித்து, பிறகு விற்றும் விட்டார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே எங்களுக்கு அப்போது ஒரு பெருமை.

நடுவில் அவருக்குக் கஷ்ட காலமும் வந்தது. நடிக்க ஆசைப்பட்டார். 'மாஷுகா', 'அனுராக்' இரண்டுமே ஓடவில்லை, கையில் பணமில்லை, பாட்டு வாய்ப்பும் குறைந்தது. 1958-ல் 'யஹூதி'யும் 'மதுமதி'யும்தான் கைதூக்கிவிட்டன. அடுத்த வருடம் வந்த 'அனாரி' படப் பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருது. பின்னணிப் பாடகருக்கான அந்த விருதை வாங்கிய முதல் ஆண் அவர்தான்.

இப்போது உனக்குச் சொல்ல வந்த விஷயம். முகேஷின் குரலுக்கு எல்லை குறைவு. மேல் ஸ்தாயிக்குப் போனால் தடுமாறும், சில இடங்களில் சுருதி லேசாக இறங்கும், மூக்கிலிருந்து வரும் ஒரு கார்வையும் உண்டு. ரஃபி மாதிரி, மன்னா டே மாதிரி ஒரே வரியை விதவிதமாகச் சங்கதி போட்டுப் பாட அவரால் முடியாது. ஆனால் 'ஆனந்த்' படத்தின் 'கஹீன் தூர் ஜப்' பாட்டை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள். வேகமாகச் சுரங்களை உருட்டும் பிர்கா ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் அவசரப்படாமல் எடுத்துவைக்கிறார். வரியின் கடைசி எழுத்தை நீட்டும்போது குரலை அழுத்துவதில்லை, தானாக அடங்க விடுகிறார். இசையமைப்பாளர் சலில் சௌத்ரி அந்த மெட்டை இந்தக் குரலிடம் கொடுத்ததில் எவ்வளவு யோசனை இருக்கிறது! அதே சலில் இசையில்தான், 'ரஜனிகந்தா' பாட்டுக்கு, முகேஷுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

எண்ணிக்கையில் ரஃபிக்கும் லதாவுக்கும் பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனால் ரயிலில், கல்யாண வீட்டில், மொட்டை மாடியில் பாட்டுப் பயிற்சியே இல்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்தால் வாயில் வருவது பெரும்பாலும் முகேஷ் பாட்டுதான். எங்கள் பில்டிங்கில் ஹிந்தி சரியாகப் பேச வராத மாமாக்கள்கூட 'மேரா ஜூத்தா ஹை ஜப்பானி'யை முழுசாகப் பாடுவார்கள்.

அவர் போன வருடம் 'கபி கபி' பாட்டுதான் ரேடியோவின் 'பினாக்கா கீத்மாலா' பாட்டு வரிசை நிகழ்ச்சியில் வருடத்தின் முதலிடம். அதற்கு ஃபிலிம்ஃபேரும் கொடுத்தார்கள், வாங்க அவர் இல்லை. என் குரலே போய்விட்டது என்றார் ராஜ் கபூர்.

நீ 'அனாரி'யின் 'ஸப் குச் ஸீகா ஹம்நே'யிலிருந்து ஆரம்பி. உன் குரலுக்குத் தோதாகக் கொஞ்சம் கீழ் சுருதியில் எடு, வார்த்தைகளை விழுங்காதே. ஹிந்தி உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் எனக்கு வாட்ஸாப்பில் குரலாக அனுப்பு, எந்த நேரமானாலும் கேட்டுத் திருத்தி அனுப்புகிறேன். அடுத்த முறை அவர்கள் கூப்பிட்டால் மறுக்காதே கண்ணா.

அன்புடன்,
அப்பா