வீட்டின் குறைகளையும் முகவர் காட்ட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தங்கை அண்மையில் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கினாள். முகவர் அவளை அழைத்துச் சென்றது காலை பத்து மணிக்கு. பிற்பகல் வெயில் நேராகப் படுக்கையறைக்குள் இறங்கும் என்பது குடியேறிய பிறகுதான் தெரிந்தது. மாலையிலும் ஒருமுறை கூட்டிச் சென்றிருக்கலாமே! முகவருக்கு அது அரைமணி நேர வேலை. அவளோ வீட்டை விற்க முடியாத முதல் ஐந்து ஆண்டுகளாவது அந்த அறையில் உறங்கியாக வேண்டும்.

வீவக மதிப்பீட்டைவிட விலை கூடினால் அந்த வித்தியாசத்தை ரொக்கமாகவே கட்ட வேண்டும்; கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியைத் தொட முடியாது. இதையும், எஞ்சியுள்ள குத்தகை ஆண்டுகளையும் முகவர்கள் முதல் நாளே தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

வாங்கும் விருப்புரிமை, அதாவது வீட்டை நமக்கே விற்பதாக விற்பவர் தரும் ஆவணம், கைக்கு வந்தபின் முடிவெடுக்க 21 நாள் அவகாசம் உண்டு. அதற்கான கட்டணம் 1,000 வெள்ளிக்கு மேல் போகாது. மனம் மாறினால் இழப்பு அதோடு நின்றுவிடும். "இன்னொருவர் காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்தும் முகவர்கள் இதை ஏன் சொல்வதில்லை? அந்த நாள்களில் வீட்டை மறுபடி பார்க்க விற்பவரிடம் அனுமதி கேட்டுத் தருவதும் அவர்கள் பணிதான். என் தங்கைக்காக யாரும் அப்படிக் கேட்கவில்லை.

வாசகி, ஈசூன்