கவினிடம் சொல்லிவிடு

அன்புள்ள சுமதி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். தேன்மொழி மறுபடியும் வேலையை விட்டுவிட்டாளாம். அந்தக் கதை அப்புறம்.

கவினுக்கு டான்சில் ஆபரேஷன் என்று படித்ததிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. ஆனால், மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லியே கூட்டிப்போய்விடலாம் என்கிறாராமே அத்தை? வேண்டாம் சுமதி, தயவுசெய்து வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் வார்டில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். போன வாரம் ஒரு சின்னப் பெண்ணை ஐஸ்கிரீம் கடைக்கு என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். பச்சை கவுனை மாட்டும்போதுகூடப் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "கடை எப்போ வரும்?" என்று கேட்டபடி இருந்தாள். ஊசியைப் பார்த்ததும் அலறினாள், அது எங்களுக்குப் பழகியதுதான். சாயங்காலம் பாட்டி ஊட்ட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். நாலைந்து நாள் முன்னாடியே சொல்லிவிடு. மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள், அது ராத்திரித் தூக்கம் மாதிரி இல்லை, நடுவில் முழிப்பு வராது, எல்லாம் முடிந்ததும் எழுப்பிவிடுவார்கள், அப்புறம் கொஞ்ச நாள் தொண்டை வலிக்கும் என்று உள்ளதைச் சொல். "கண் முழிக்கும்போது அம்மா இருப்பேன்" என்று சொல்லுமுன் உன்னை உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொள். அவனுடைய கரடி பொம்மைக்கு அவனையே ஊசி போடச் சொல். என்ன பயம் என்பது அந்த விளையாட்டில் தானாக வெளியே வந்துவிடும்.

ஊசி போடும் இடத்தை மரத்துப்போக வைக்க லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த கிரீம் இருக்கிறது. ஒரு மணி நேரம் முன்பே தடவி மேலே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். ஆகவே, போனவுடன் அதைக் கேள். பல இடங்களில் கேட்டால்தான் கொடுப்பார்கள். படுக்கவைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிக்க விடாதே. மடியில் உட்காரவைத்து நானே அணைத்துக்கொள்கிறேன் என்று சொல். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று ஜெபிக்காதே, பிள்ளைக்குப் பயம் கூடத்தான் செய்யும். சோப்புக் குமிழி ஊதச் சொல்.

பட்டினி விஷயம். சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பதுதான் பொதுவான கணக்கு. முதல் நாள் ராத்திரியிலிருந்தே சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காயப்போட வேண்டாம். மயக்க மருந்து டாக்டரிடமே நேரத்தைக் கேட்டு அதன்படி செய்.

அம்மா இருந்தால் பிள்ளை அதிகம் அழும் என்று உன்னை வெளியே அனுப்பப் பார்ப்பார்கள். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதையே சொல்லிப் பெற்றோரை வாசலில் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை எப்படி ஒடுங்கிப்போகிறது என்பதை 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் படமெடுத்துக் காட்டினார். பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடவேண்டும் என்று சொன்ன பிளாட் அறிக்கை 1959இல் வந்த பிறகுதான் அங்கே கதவு மெல்லத் திறந்தது. நம் ஊரில் இன்னும் வாசலில்தான் நிற்கிறோம், எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீ மரியாதையாக, ஆனால் விடாமல் கேள். ரோஸி டீச்சரிடமே மார்க் கேட்டு வாங்கியவள்தானே நீ!

சேட்டை பண்ணினால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார் என்று மிரட்டுவதை அண்ணன் இன்றோடு நிறுத்தட்டும். அத்தையிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன். ஆபரேஷன் தேதி முடிவானதும் சொல், லீவு கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மீனா