கரி பூசிய முகங்களுக்கு நாம் போடும் மதிப்பெண்: கொங்குக் கல்லூரிகளின் கலைவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டக் கல்லூரிகளின் கலைவிழாக் குழுவினருக்கும், மாணவர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும், என்னைப் போல நடுவர் இருக்கையில் உட்காருகிறவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் கலைவிழாவுக்கான விதிமுறைகளை நீங்கள் எழுதத் தொடங்கியிருப்பீர்கள் என்பதால் இப்போதே இந்த மடலை எழுதுகிறேன். நாட்டுப்புற நடனம், குழு நடனம், மாறுவேடம் ஆகிய போட்டிகளுக்குப் பல ஆண்டுகளாக நடுவராகப் போய் வருகிறவன் நான். 'பழங்குடி நடனம்' என்ற பெயரில் நம் மேடைகளில் நடப்பதைப் பற்றி மட்டுமே இங்கே பேச விரும்புகிறேன். பிள்ளைகளைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. நாம் எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் ஆடுகிறார்கள். எனவே திருத்தப்பட வேண்டியவை விதிமுறைத் தாளும் மதிப்பெண் தாளும்தான். ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, மற்றது எங்கள் கையில்.

நடப்பது என்னவென்று உங்களுக்கும் தெரியும். ஏதோவொரு சினிமாப் பாட்டின் மேளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குதித்துக்கொண்டு மேடையேறுகிறார்கள். முகம், கை, கால் முழுக்கக் கறுப்பு மை, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். இடுப்பில் பச்சை நைலான் இழையில் செய்த தழைப் பாவாடை, தலையில் சாயம் ஏற்றிய கோழி இறகு, கழுத்தில் பிளாஸ்டிக் எலும்பு மாலை, கையில் தெர்மாகோல் ஈட்டி. நடுநடுவே எந்த மொழியிலும் சேராத ஒரு கூச்சல். நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடை ஒன்றில் இந்தச் சாமான் அத்தனையும் ஒரே உறைக்குள் 'ட்ரைபல் செட்' என்று சீட்டு ஒட்டித் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து உறையில் 'கிருஷ்ணர் செட்', அதற்கடுத்ததில் 'பாரதியார் செட்'. பாரதியாரின் தலைப்பாகை கோணலாக இருந்தால் நடுவர்களாகிய நாம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவோம். பழங்குடிக்கு எது கோணலாக இருந்தாலும் நமக்குத் தெரியாது. தெரியாதது ஒரு குறையாகவும் நமக்குப் படுவதில்லை.

அந்த உறைக்குள் இருக்கும் பொருள்களில் ஒன்றுகூட நம் மலைகளிலிருந்து வந்ததில்லை. இறகுத் தலையணி, அமெரிக்கப் பூர்வகுடிகளை வெள்ளையர் எடுத்த படங்கள் காட்டிய விதத்திலிருந்து வந்தது. தழைப் பாவாடை ஏதோ தீவுப் படத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கறுப்பு மைக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்ட வரலாறு உண்டு. 1830-களில் அமெரிக்காவில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பினப் பாத்திரமாக ஆடிப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். அவரைப் பார்த்து எத்தனையோ குழுக்கள் கிளம்பின. கறுப்பின மக்கள் சோம்பேறிகள், கோமாளிகள் என்ற எண்ணம் ஊர் ஊராக விற்பனையானது. பின்னாளில் அம்மக்களைப் பள்ளியிலும் பேருந்திலும் தனியே பிரித்து வைத்த சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே நிலைத்துவிட்டது. மேடையில் சிரிப்பதற்கென்று பூசிய கரி மேடையோடு நிற்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நம் மலைமக்கள் தொலைவில் இல்லை. கோவை காந்திபுரத்தில் பேருந்து ஏறினால், அவர்கள் வாழும் ஆனைகட்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். மேற்கே வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தாணிக்கண்டி, சீங்கப்பதி, வெள்ளப்பதி என்று இருளர் பழங்குடியினரின் பதிகள், அதாவது குடியிருப்புகள், இருக்கின்றன. ஆனைமலைப் பக்கம் போனால் காடரும் மலசரும் முதுவரும். சத்தியமங்கலம், தாளவாடி மலைகளில் ஊராளியும் சோளகரும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேச்சும் பாட்டும் ஆட்டமும் உண்டு. இருளர் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் குதிப்பே குறைவு. பொறை என்ற மேளமும் தவிலும் ஜால்ராவும் ஒருபுறம் முழங்க, கொகால் என்ற குழல் இடைவிடாமல் ஊத, ஆட்டக்காரர்கள் வட்டமாகச் சுற்றிவருவார்கள். கால் நிலத்தை விட்டு அதிகம் எழும்பாது. அடி மாறும் இடத்தை மேளமும் குழலும்தான் சொல்லும். கல்யாணத்துக்கும் ஆடுவார்கள், சாவுக்கும் ஆடுவார்கள். பெண்கள் சேலையில்தான் ஆடுவார்கள்; உடம்பில் கரியும் இல்லை, தலையில் இறகும் இல்லை. (பாம்பு பிடிப்பவர்கள் என்று எண்ணி ஒரு குழு ரப்பர்ப் பாம்போடு மேடையேறியதும் உண்டு. பாம்பு பிடிப்பதற்குப் பெயர்பெற்றவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். நம் மலை இருளரின் மொழியும் வாழ்க்கையும் வேறு.) இவ்வளவு அருகில் இருப்பதைப் போய்ப் பார்க்காமல், கடல் கடந்து வந்த கேலிப்படத்தைக் கடையில் வாடகைக்கு எடுக்கிறோம்.

'இதெல்லாம் விளையாட்டுத்தானே, இதற்குப் போய் யார் மனம் புண்படப்போகிறது?' என்று கேட்கும் பேராசிரிய நண்பர்களுக்கு, நமக்கே நேர்ந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். கொங்குத் தமிழைச் சினிமா நெடுங்காலமாகச் சிரிப்புக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறது. கவுண்டமணியும் மணிவண்ணனும் சத்யராஜும் கோவை சரளாவும் பேசியபோது நாம் சேர்ந்து சிரித்தோம், ஏனென்றால் அவர்கள் இந்த மண்ணின் ஆட்கள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர்கள். அதே பேச்சை வெளியூர் நடிகர் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஏனுங்க, ஏனுங்க' என்று ஒட்டவைத்துப் பட்டிக்காட்டு முட்டாளாக நடிக்கும்போது, 'நாங்க இப்படியாங்க பேசறோம்?' என்று முகம் சுளிக்கிறோம். அமெரிக்காவில் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் அபு என்ற இந்தியக் கடைக்காரருக்கு ஹேங்க் அசாரியா என்ற வெள்ளையர் குரல் கொடுத்து வந்தார். அந்தக் குரலைச் சொல்லிச் சொல்லிப் பள்ளியில் கேலி செய்யப்பட்ட இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் வளர்ந்து கேள்வி எழுப்பினார்கள். ஹரி கொண்டபோலு 2017-இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020-இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். நம்மைச் செய்தால் உறைக்கிறது. நம் விடுதியில் தங்கி, அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கூச்சலைக் கேட்கும் தாளவாடி மாணவிக்கும் அப்படித்தான் உறைக்கும். அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளை எழுந்து நின்று ஆட்சேபிப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமும் ஆகாது.

இதில் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. வள்ளி கும்மி இன்று கொங்கு நாடெங்கும் மறுபடி தழைத்திருக்கிறது. கோயில் திடல்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் மணிக்கணக்காக ஆடுகிறார்கள். ஆசிரியர் பாட, அடி பிசகாமல் அவர்கள் சுற்றிவரும் அழகை நானும் நின்று பார்த்து மகிழ்கிறேன். அந்த வள்ளி யார்? மலையில் வேடர் குடியில் வளர்ந்து தினைப்புனம் காத்தவள். முருகன் வேடனாகவும் கிழவனாகவும் மாறிப்போய்க் கெஞ்சி மணந்த மலைமகள். அவளைத் திடலில் பாடிக் கும்பிட்டுவிட்டு, அவள் குலத்தைக் கல்லூரி மேடையில் 'காட்டுவாசி' என்று ஆட்டுவிக்கிறோம். இரண்டும் ஒரே ஊரில், சில நேரம் ஒரே வாரத்தில் நடக்கின்றன.

பெண்களைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்த உறைக்குள் ஆண் பிள்ளைக்கு ஈட்டி இருக்கிறது, பெண் பிள்ளைக்கு அது இல்லை. அவளுக்குக் குட்டைப் பாவாடையும், வெளியூரிலிருந்து வரும் நாயகனைப் பார்த்து மயங்கும் ஒரு பார்வையும்தான். மலைக்குப் போகும் நாயகனுக்கு ஒரு மலைப்பெண் கிடைத்தே தீர வேண்டும் என்ற சினிமா வழக்கம் அப்படியே மேடைக்கு வந்திருக்கிறது. மலைப்பெண் என்றால் எளிதில் கிடைப்பவள் என்ற எண்ணம் கற்பனையோடு முடிந்துவிடுவதும் இல்லை. வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது அதிரடிப்படையினரால் நம் ஈரோட்டு மலைகளின் மக்கள் பட்ட கொடுமைகளை, பெண்கள் மீதான வன்முறை உட்பட, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் வழங்க ஆணையம் 2007-இல் உத்தரவிட்டது. அந்த மலைகளிலிருந்து ஒரு பகல் பயணத்தில் வந்துவிடக்கூடிய அரங்குகளில்தான் மலைப்பெண்ணை இடுப்பாட்டும் பொம்மையாக ஆடவிடுகிறோம். கரகாட்ட மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் இரட்டை அர்த்தப் பேச்சோடு நடந்ததும் இதே வகைதான். அதை எதிர்த்துக் குறவர் சமூகத்தார் நெடுங்காலம் குரல் கொடுத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து 2023-இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. திருவிழா மேடையிலிருந்து அரசாணை இறக்கியதைக் கல்லூரி மேடையில் 'ஃபோக் ஃப்யூஷன்' என்று நாம் ஏற்றிவைக்கலாமா?

மாறுவேடப் போட்டியையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பையன் ஒருவன் சேலை கட்டி, கையைத் தட்டி, குரலை உடைத்துப் பேசினால் அரங்கம் அதிர்கிறது. திருநங்கையருக்கென நல வாரியத்தை 2008-இல் இந்தியாவிலேயே முதலில் அமைத்த மாநிலம் நம்முடையது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். இவை எதுவும் நம் மதிப்பெண் தாளை எட்டவில்லை.

'அப்படியானால் யாரும் யார் வேடமும் போடக் கூடாதா? கூத்தில் ஆண்தானே திரௌபதி கட்டுகிறார்?' என்ற கேள்வி உடனே வரும், அது நல்ல கேள்வியும்கூட. சேலம், நாமக்கல் பக்கத்தில் பெண் வேடம் கட்டும் கூத்துக் கலைஞரை விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். அவர் அந்த வேடத்தை ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றிருப்பார். துகில் உரியும் கட்டத்தில் முன்வரிசைப் பெண்கள் கண் கலங்குகிறார்களே தவிர, ஒருவரும் அவருடைய சேலையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பறையும் அப்படித்தான். சாவு வீட்டு வாசலில் நிற்க வைத்து இழிவுபடுத்தப்பட்ட கருவியை இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். அதை மனமார வரவேற்கிறேன், கற்றுத்தந்த ஆசானின் பெயர் மேடையில் சொல்லப்பட்டு அவருக்குரிய ஊதியமும் போய்ச்சேரும் வரையில். அடுத்தவர் கலையைக் கற்பதில் குற்றமில்லை. கற்காமல் எடுப்பதும், எடுத்ததைக் கேலியாக்குவதும், பரிசு வாங்கும்போது உரியவர்களை மறந்துவிடுவதும்தான் என் வழக்கு.

உரியவர்களே பாடினால் எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம் ஆனைகட்டிக்கு அந்தப் பக்கம், கேரளத்து அட்டப்பாடியிலேயே இருக்கிறது. அங்கே வாழும் இருளர் பாடகி நஞ்சியம்மா தம் மொழியில், தம் குரலில் ஒரு மலையாளப் படத்துக்குப் பாடியதற்காக 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். விருதைக் கையில் கொடுத்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவும் சந்தால் பழங்குடியைச் சேர்ந்தவர். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு இந்த விருதா என்று சிலர் அப்போதும் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பாட்டைச் சிறப்பாக அமைத்துக்காட்ட யார் முகத்திலும் கரி பூச வேண்டியிருக்கவில்லை.

இனி என் வேண்டுகோள். தோலின் நிறத்தை மாற்றும் ஒப்பனையோடு வரும் குழு போட்டியிலிருந்து விலக்கப்படும் என்று விதிமுறையில் ஒரே வரி சேருங்கள். 'பழங்குடி நடனம்' என்ற பொதுத் தலைப்பை எடுத்துவிட்டு, எந்த மக்களின் எந்த ஆட்டம், யாரிடம் கற்றது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள்; எழுத முடியாதவர்கள் சினிமா நடனப் பிரிவில் தாராளமாக ஆடட்டும். திரைப்பட நடன இயக்குநரை அழைக்கச் செலவுப் பட்டியலில் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, பதியிலிருந்தோ தாளவாடியிலிருந்தோ ஒரு குழுவை ஒரு வாரம் கல்லூரியில் தங்கவைத்துப் பயிற்சி தரச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அதே கூடத்தில் சாப்பாடு, அதே விடுதியில் அறை, காசோலையில் அவர்கள் பெயர் என்று இருக்கட்டும். சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவைப்பது ஊதியம் ஆகாது. தங்கள் ஆட்டத்தில் மேடைக்கு வரக் கூடாத பகுதி இன்னதென்று அவர்கள் சொன்னால், ஏன் என்று துருவாமல் விட்டுவிடுங்கள். சாவுச் சடங்குப் பாட்டைப் பரிசுக்கு ஆட அவர்கள் ஒப்பாமல் போகலாம், அது அவர்கள் உரிமை. திருநங்கைக் கலைஞர் ஒருவரையாவது நடுவராக அழையுங்கள். சேலை கட்டிய கேலி அவர் எதிரில் மேடையேறத் தயங்கும்.

நடுவர்களுக்கும் ஒரு சொல். 'உடை, ஒப்பனை' என்ற கட்டத்தில் பளபளப்புக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தை நாம் விட வேண்டும். பிள்ளைகள் ஆடி முடித்ததும், 'கண்ணு, இந்தப் பாட்டை யார்கிட்ட படிச்சீங்க?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இல்லாத குழுவுக்கு முதல் பரிசு கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுகள் இதை விடாமல் செய்தால், வாடகைக் கடையில் அந்த உறையை எடுக்க ஆள் இருக்காது.

புதிய விதிமுறையை எழுதும் கூட்டத்துக்கு எந்தக் கல்லூரி அழைத்தாலும் என் செலவில் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன். ஆனால் என்னை அழைப்பதற்கு முன் பதியிலிருந்து ஊர்த்தலைவரான ஒரு மூப்பரையும் பாட்டுக்காரப் பெண் ஒருவரையும் அழைத்துவிடுங்கள். அவர்கள் வரும் நாளே எனக்கும் வசதியான நாள்.

இப்படிக்கு,
நடுவர் ஒருவர்,
கோயம்புத்தூர்.